வீட்டுக்காரி எடுத்த விற்றமின்

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி. முஸ்லிம் மனுஷி, ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அப்படி ஒரு வாயை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. காலையில் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு நிறுத்தக் கொஞ்சம் பிந்தினால் போதும். "டீச்சர், டேங்க் வழியுது. கடலுக்கா தண்ணி ஊத்துறீங்க?" என்று கீழிருந்து சத்தம் வரும். அம்மா யாழ்ப்பாணத்தில் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டியவர். இங்கே அந்தக் குரலுக்குப் பயந்து ஓடுவார். எனக்கு வீட்டுக்காரியைக் கண்ணில் காட்டக்கூடாது.

ஆனால் அந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. சண்டை நடந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழருக்கு அறை கொடுப்பதென்றால், வீட்டுக்காரர் பொலிசில் பெயர் பதிய வேண்டும், சோதனைக்கு வருகிறவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தத் தலையிடி? கொட்டாஞ்சேனையில் ஒரு அரிசிக்கடையில் வேலை செய்து அங்கேயே தங்கியிருந்த அண்ணன், எத்தனையோ வாசற்படி ஏறி இறங்கித்தான் இந்த இடத்தைப் பிடித்துத் தந்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது நான்.

எனக்கு மனநோய். யாரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்டன. கொழும்புக்கு வந்ததே அதற்குத்தான். கிளினிக்கில் குளிசை தந்தார்கள். குரல்கள் மெல்ல மெல்லத் தூரப் போய், பிறகு இல்லாமலே போயின. அந்தக் குளிசைக்கு நான் இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அது குரல்களோடு சேர்த்து வேறு பலதையும் கொண்டு போனது. வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும். வயிறு கட்டிக்கொள்ளும். கால்கள் ஓரிடத்தில் நில்லாது, அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன். சட்டைகள் ஒவ்வொன்றாகப் போதாமல் போயின. உதடுகள் தாமாக எதையோ மென்றன. சிரிக்கலாம் என்று நினைப்பேன், முகம் ஒத்துழைக்காது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்காது.

அம்மாவிடம் சொன்னால், "அதுக்கென்ன பிள்ளை, சுகம் வந்ததே பெரிய காரியம். நிப்பாட்டிப் போடாதை" என்பார். அண்ணனும் அதையே சொன்னான். டொக்டரும் அதையே சொன்னார். ஒரு தடவை நான் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தி, குரல்கள் திரும்பி வந்து, காலி வீதியின் நடுவில் நின்று ஆகாயத்தோடு சண்டை பிடித்திருந்தேன். ஆமி காவல் நிற்கும் சென்ட்ரி பொயின்ற் அடுத்த சந்தியில். ஆமிக்காரர் கண்ணில் படுவதற்குள் அண்ணன் இழுத்துக்கொண்டு வந்தான். அதனால் அவர்கள் பயந்ததில் பிழை சொல்லமாட்டேன். இருந்தும், அந்த வருடம் நான் மறுபடி நிறுத்துவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். நாள் மட்டும்தான் பார்க்கவில்லை.

இந்த நேரத்தில்தான் சத்துக் குளிசைகளின் படையெடுப்பு நடந்தது. அண்ணன் பார்மசியில் பி கொம்பிளெக்ஸ் வாங்கி வந்தான். யாரோ மீனெண்ணெய் என்றார்கள், அதுவும் வந்தது. கையைக் கழுவினாலும் மணம் போகாது. அம்மா வல்லாரைச் சம்பலும் பப்பாசிப் பழமுமாகத் தந்தார். லண்டனில் இருந்த சித்தி, உதடு மெல்லுவதற்கு விற்றமின் ஈ நல்லது என்று எங்கேயோ வாசித்துவிட்டு, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் ஒரே மாதிரி இரண்டு பெரிய போத்தல்கள் கொடுத்து அனுப்பினார். டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிலருக்கு உதவும் என்று சொல்கிறார்கள். நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. போத்தலில் போட்டிருக்கிற அளவுக்கு மேலே போகவேண்டாம். ஆனால் இதை நம்பி மற்றதை நிறுத்தினால் நான் பொறுப்பில்லை" என்றார்.

சித்தியின் முதல் போத்தல் முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது. கிளினிக் குளிசைகள் காகித உறையில் வரும். வீட்டுக்கு வருகிற சனம் அதைப் பார்த்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கதை வெளியே போகும், கதை போனால் நான் கரை சேரமாட்டேன். ஆகவே அந்தக் குளிசைகளை வெறும் போத்தலில் கொட்டினார். அடையாளத்துக்கு மூடியில் ஒரு ஒட்டுப்பொட்டு. பொட்டு வைத்தது என் மருந்து, வைக்காதது உண்மையான விற்றமின். இரண்டையும் சாமித்தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். என் பெயரும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பியோ கொட்டாஞ்சேனையில் அண்ணனின் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்காரி கேட்டபோது, "பிள்ளைக்கு இரத்தம் காணாது, லண்டன் விற்றமின் குடுக்கிறன்" என்று சொல்லி வைத்தார். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. எங்கள் ஆட்கள் நோயைவிட நோயின் பெயருக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

ஆனால் வெள்ளவத்தை உப்புக்காற்றில் ஒட்டுப்பொட்டு எத்தனை நாளைக்கு நிற்கும்?

நோன்பு மாதம் தொடங்குவதற்கு முந்திய நாள் வீட்டுக்காரி மேலே வந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது குளியலறைக்கே கேட்டது. "டீச்சர், நாளைக்கி நோன்பு. போன வருஷம் சரியான களைப்பு. மகள் குடிக்கிற லண்டன் விற்றமின்ல எனக்கும் ரெண்டு தாங்களேன்."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை முழுக்கத் தேங்காய்ப்பூ. "சாமித்தட்டுக்குப் பக்கத்திலை இருக்கு, நீங்களே எடுங்கோ. பொட்டு இல்லாத போத்தல்" என்றார். அம்மா சொன்னதில் பிழையில்லை. இரண்டு போத்தலிலும் பொட்டு இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை அம்மா மோட்டரைப் போட்டார். டேங்க் நிரம்பியது. வழிந்தது. சுவரெல்லாம் நனைந்து, தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த வீட்டில் அதைப் போல ஒரு அமைதியை நாங்கள் அதுவரை அறியவில்லை. இறங்கிப் போனேன், அம்மாவும் பின்னால் வந்தார்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தார். எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை, அப்படியே சரிந்தார். "தல சுத்துது மகள். எழும்ப ஏலாம இரிக்கி. நாக்குத் தடிச்ச மாதிரி" என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த ஒட்டுப் பேச்சு எனக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு.

"நோன்புக் களைப்பு. படுத்தால் சரியாப் போம்" என்றார் அம்மா.

நான் கட்டிலுக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தேன். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்த மற்றது, ஒரு சின்னத் தட்டில் இருந்தது. விற்றமின் பொன்னிறமாய், மெத்தென்று, அவரைக்கொட்டை அளவில் இருக்கும். இது அப்படியில்லை, என்னுடைய குளிசை. அம்மாவும் கண்டுவிட்டார். என் கையைப் பிடித்து நசுக்கினார். சொல்லாதே என்று அர்த்தம். சொன்னால் பைத்தியக்காரியை வீட்டில் வைத்திருந்த கதையாகிவிடும், பின்னேரத்துக்குள் தெருவில் நிற்போம். எனக்கும் தெரியாததல்ல. ஆனால் அந்த மனுஷிக்குப் பிரஷர் இருந்தது, தினமும் வேறு மருந்து எடுப்பவர்.

"அன்ரி, அது விற்றமின் இல்லை" என்றேன். "என்ரை மருந்து. மூளைக்கு. நான் கிளினிக்குக்குப் போறனான்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். வீட்டுக்காரியைத் திரீவீலில் ஏற்றி, காலி வீதி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டொக்டர் பிரஷர் பார்த்தார், மருந்தின் பெயரைக் கேட்டார். பிரஷர் இறங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, நோன்பை விட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்திருக்கட்டும், சட்டென்று எழும்பவிடாதே என்றார். அன்று முழுக்க அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவர் தூங்கினார், விழித்தார், தண்ணீர் கேட்டார், திரும்பத் தூங்கினார்.

மறுநாள் காலை அம்மா உடுப்பு மடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சேலையை மடிக்கும்போதும் என்னைத் திட்டினார். பிறகு அண்ணனுக்கு என்ன சொல்வது என்று அழுதார். மத்தியானம் தாண்டி, படியில் மெதுவாக ஏறுகிற காலடி கேட்டது. வீட்டுக்காரி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். வாடகை அறையைக் காலி செய்யச் சொல்கிறவர்கள் உட்கார்ந்துதான் சொல்வார்கள் என்று நான் நினைத்தேன்.

"மகள்," என்றார், "நான் ஒண்டுதான் குடிச்ச. வாய் பஞ்சு மாதிரி காஞ்சிட்டு. ஒடம்பு என்ட சொல்லுக் கேக்கல்ல. இண்டைக்கும் வயிறு போகல்ல. அழணும் போல ஈந்திச்சு, அழவும் ஏலாமப் போச்சு. இதையா நீ டெய்லி குடிக்கிற?"

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"டெய்லி இப்பிடித்தானா ஈக்கும்?"

என் கண் நிறைந்துவிட்டது. குளிசை போட்டாயா என்று கேட்காதவர் இல்லை. போட்டால் எப்படி இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பெற்ற தாய் கேட்கவில்லை, மருந்தை எழுதியவர் கேட்கவில்லை. எனக்குப் பிடிக்காத இந்த மனுஷி கேட்டார். நான் அவர் முன்னால் விம்மி விம்மி அழுதேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர், உடுப்பெல்லாம் மடிச்சு எங்க போற? அலுமாரியில வைங்க" என்றார். அவ்வளவுதான், அந்த விஷயம் முடிந்தது.

அன்று பின்னேரம் நோன்புக் கஞ்சி வந்தது. கூடவே ஒரு கிளாசில் கசகசா என்கிற கறுப்பு விதை ஊறவைத்த தண்ணீர், ஒரு தட்டில் பேரீச்சம்பழம். "வயிறு கட்டினா இதுதான் மருந்து. எனக்கே எப்பவும் இதுதான் கேக்கும்" என்றார். நோன்பு மாதம் முடிந்தும் அது நிற்கவில்லை. பெருநாளைக்கு இனிப்பு வட்டிலப்பமும் வந்தது. என் உடம்பு ஊதுவதைச் சொல்லி அம்மா மறித்தார், நான் கேட்கவில்லை. காலையில் படிக்கட்டில் கிளாஸ் இருக்கும். குடிக்காவிட்டால் மோட்டருக்குச் சத்தம் போட்ட அதே வாய் எனக்கும் சத்தம் போடும். வாய் காய்ந்தால் உறிஞ்சுவதற்கு வெட்டிய தேசிக்காய் வந்தது. கால் நிலைகொள்ளாத பொழுதுகளில், "வா, கடக்கரைக்கிப் போவம்" என்று கூட்டிக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடப்பார். வழியில் ஆமிக்காரர் மறித்துக் கேட்டால் அவரே சிங்களத்தில் பதில் சொல்லிவிடுவார். இத்தனை நாளும் அறைக்குள் நடந்த நடையைக் காற்றுப்பட நடந்தேன்.

பிறகு ஒருநாள் கிளினிக்குக்கே என்னோடு வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? டொக்டருக்கு முன்னால் போய் நின்று, "டொக்டர், இந்தக் குளிசய நீங்க ஒண்டு குடிச்சுப் பார்த்தீங்களா? நான் குடிச்சுப் பார்த்தேன்" என்றார். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னென்ன செய்தது என்று அவரிடம் கேட்டார். அதற்குப் பிறகு என்னிடமும் கேட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குளிசையின் அளவைக் குறைத்தார், காலையில் போட்டதை இரவுக்கு மாற்றினார். விற்றமினை முடியும்வரை எடு என்றார். உதட்டு மெல்லல் பிறகு குறைந்தது. அது விற்றமினாலா, அளவு குறைந்ததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சித்திக்கு விற்றமினால்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் நிறுத்தும் எண்ணம் முற்றாகப் போகவில்லை. சுகம் கூடக் கூட, இனி எதற்கு இந்தக் குளிசை என்ற நினைப்பும் கூடவே வளர்ந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு காலை சோதனைக்கு வந்தார்கள். ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு வீடு வீடாக ஏறினார்கள். எங்கள் மாடிக்கு ஒரு பொலிஸ்காரரும் இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். வீட்டுக்காரியும் பின்னால் வந்து கதவடியில் நின்றார். அடையாள அட்டை பார்த்தார்கள், பெட்டிகளைக் கிளறினார்கள். பொலிஸ்காரர் சாமித்தட்டுப் பக்கம் போய், மிஞ்சியிருந்த அந்தப் போத்தலை எடுத்தார். விற்றமின் முடிந்துவிட்டது, என் குளிசைப் போத்தல்தான் இருந்தது. என்ன இது என்று கேட்டார்.

அம்மா வாய் பழகிய பழக்கத்தில், "விற்றமின், சேர்" என்றார்.

பொலிஸ்காரருக்கு இங்கிலிஷ் தெரியும். போத்தலில் எழுதியிருந்ததை வாசித்தார். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. ஏன் பொய் சொல்கிறாய், யாருக்கு அனுப்பச் சேர்க்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். தடையை மீறி வடக்குக்கு மருந்து அனுப்புகிறார்கள் என்று பிடித்துக்கொண்டு போன கதைகள் அந்த ஒழுங்கையிலேயே இருந்தன. கிளினிக் கொப்பி கொட்டாஞ்சேனையில். எனக்கு நாக்குப் புரளவில்லை. என் முகம் வேறு கல்லாய் இருந்தது, அதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் கூடியிருக்கும். என்னை முன்னால் வரச் சொன்னார்.

"மாத்தயா, ஏக மகே பெஹெத்" என்ற குரல் கதவடியிலிருந்து வந்தது. ஐயா, அது என்னுடைய மருந்து. வீட்டுக்காரி அறைக்குள் வந்தார். எனக்குப் பிரஷர், கண் சரியாகத் தெரியாது, ஆகவே மேலே கொடுத்து வைத்திருக்கிறேன், இந்தப் பிள்ளைதான் எடுத்துத் தருவாள், உறை கிழிந்ததால் பழைய போத்தலில் போட்டது என்று சிங்களத்தில் கடகடவென்று சொன்னார்.

பொலிஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு குளிசையை எடுத்து நீட்டினார். "பீலா பென்னன்ன" என்றார். குடித்துக் காட்டு.

அந்தக் குளிசை என்ன செய்யும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குளிசையை வாங்கி வாயில் போட்டு, அம்மா வைத்திருந்த செம்பிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். வாயைத் திற என்றார் பொலிஸ்காரர். நாக்கை நீட்டிக் காட்டினார். அவர்கள் குளிசைகளைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டு, மூடி வைத்துவிட்டுப் போனார்கள்.

காலடிச் சத்தம் ஒழுங்கையில் தூரமானது. பிறகு நான், "ஏன் அன்ரி?" என்றேன்.

"இண்டைக்கி நோன்பா என்ன? படுத்தாப் போச்சு" என்று சொல்லி, என் கட்டிலில் போய்ச் சாய்ந்தார். "தல சுத்த முந்தி கசகசாவ ஊறப் போடு."

கசகசாவை ஊறப் போட்டேன். அம்மா அவருடைய கால்மாட்டில் இருந்து காலைப் பிடித்துவிட்டார். டிஸ்பென்சரி டொக்டரைக் கூட்டி வந்து காட்டினேன், போன முறை சொன்னதையே சொன்னார், கூடவே எங்கள் எல்லோரையும் திட்டினார். மத்தியானம் தண்ணீர் இல்லாமல் போக அம்மா மோட்டரைப் போட்டார், போட்டதை மறந்தும் போனார். முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமலே, தடித்த நாக்கால், "டீச்சர், டேங்க் வழியுது" என்றார் வீட்டுக்காரி. அம்மா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஓடினார்.

இரவானதும் எழும்பி, நான் ஒரு கையைப் பிடிக்க, கீழே போகப் புறப்பட்டார். வாசலில் நின்றுகொண்டு, "ஒன்ட குளிசய இன்னம் குடிக்கல்ல தானே. குடி. பார்த்துட்டுப் போறேன்" என்றார். நான் நிறுத்த நினைத்திருந்ததை அவர் எப்படி அறிந்தார் என்று தெரியாது. அறியாமலும் கேட்டிருக்கலாம். போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்துப் போட்டு, தண்ணீர் குடித்து, அவருக்கு நாக்கை நீட்டிக் காட்டினேன். "சரி" என்றார். கையைப் பிடித்துப் படியில் இறக்கி விட்டேன்.